வேட்டைக்காரரைக் காடு ஏன் இழுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், நத்தம், அழகர்கோவில் பக்கத்துக் கண்மாய்க் கரைகளுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துச் செல்லும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் முந்தைய தலைமுறையில் வேட்டைக்குப் போகாத வீடு குறைவு. இன்று வேட்டை குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. ஆனாலும் வேட்டைக்காரரை ஒரே சொல்லில் கொலைகாரர் என்று ஒதுக்கிவிட்டால், அவரை விடியுமுன் வீட்டைவிட்டு வெளியே இழுத்தது எது என்பது நமக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். அது தெரியாமல் அவருடைய பேரப்பிள்ளைக்கு வேறு வழி காட்டவும் முடியாது.

வேட்டைக்காரரை இழுப்பது கொல்லும் ஆசைதானே? அதில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அந்த ஆசை அறவே இல்லை என்று சொன்னால் அது பொய். வலையையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போகிறவர் பிடிக்கத்தான் போகிறார். ஆனால் வேட்டைக்குப் போய்ப் பழகிய முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விலங்கு விழுந்த நொடி அவர் பேச்சில் ஒரு வரியில் முடிந்துவிடும். எந்தக் கண்மாயின் எந்த மூலையில் பனி இறங்கியிருந்தது, காற்று எப்போது திசை மாறியது, முயல் எந்த ஆவாரம் புதரின் அடியில் படுத்திருந்தது, நாய் எந்த இடத்தில் குழம்பி நின்றது என்பதையெல்லாம் மணிக்கணக்கில் சொல்வார். வெறுங்கையோடு திரும்பிய நாளைச் சொல்லும்போதும் அவர் குரலில் சுவை குறைவதில்லை. கறி மட்டுமே வேண்டுமென்றால் முள்ளிலும் கல்லிலும் இரவெல்லாம் நடக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அவரை இழுப்பது, உடம்பின் ஐந்து புலன்களும் ஒரே வேலையில் இறங்கும் அந்த நிலை என்பதே என் துணிபு. வயலிலும் கடையிலும் அலுவலகத்திலும் நமக்குக் கண்ணும் கையும் போதும். மூக்கும் காதும் தோலும் சும்மா கிடக்கின்றன. வேட்டையில் அவை அனைத்தும் விழித்துக்கொள்கின்றன. ஒருமுறை அப்படி விழித்துப் பழகியவருக்கு வீட்டுத் திண்ணை போதாது. கொலை அந்த விழிப்புக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. அந்தக் காரணத்தை மாற்ற முடியுமா என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான கேள்வி.

காட்டில் நடைப்பயணம் போகிறவரும் அதே காட்டைத்தானே பார்க்கிறார்? வேட்டைக்காரருக்கு மட்டும் என்ன தனியாகத் தெரிகிறது?

நடைப்பயணம் போகிறவர் மலையையும் மரத்தையும் பார்த்து மகிழ்ந்து கடந்துபோகிறார். அவர் அங்கே இருப்பது விலங்குகளுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. வேட்டைக்காரரோ தான் பார்க்கப்படுவதைப் பற்றி நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டிருப்பவர். விரலிடுக்கிலிருந்து ஒரு சிட்டிகைப் புழுதியை உதிர்த்து அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, தன் உடம்பின் வாடை எதிரில் போகாதபடி சுற்றி வருவார். சருகில் கால் வைக்கும்முன் குதிகாலையா முன்பாதத்தையா முதலில் ஊன்றுவது என்று முடிவு செய்வார். மைனாவோ தவிட்டுக் குருவியோ திடீரெனக் கத்தினால், அது தன்னைக் கண்டு கத்தியதா, பாம்பைக் கண்டு கத்தியதா என்று நின்று கேட்பார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மாசி மாதத்தில் வற்றத் தொடங்கிய கண்மாயின் உள்வாயில், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும் வண்டலில் ஒரு முயல் தாவிப் போயிருக்கிறது. நான்கு குழிகள் தெரிகின்றன. முயல் தாவும்போது பின்னங்கால்கள் இரண்டும் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும். ஆகவே இணையாக, நீளமாக விழுந்திருக்கும் இரண்டு குழிகள் பின்னங்கால்களுடையவை, அவற்றுக்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு சிறிய குழிகள் முன்னங்கால்களுடையவை. இது தெரியாதவர் முயல் போன திசையையே மாற்றிச் சொல்லிவிடுவார். குழியின் விளிம்பு கூராக நின்றால் தடம் புதிது. உதிர்ந்து மழுங்கியிருந்தால் பழையது. இரவில் விழுந்த பனியின் புள்ளிகள் குழிக்குள்ளும் இருந்தால் முயல் பனிக்கு முன்பே போய்விட்டது. அருகில் கிடக்கும் புழுக்கை ஈரமாகவும் கருமையாகவும் இருக்கிறதா, வெளுத்துக் காய்ந்துவிட்டதா என்பது அடுத்த சான்று. அதே வண்டலில் இரண்டு பக்கமும் நகக்குறி விழுந்து நடுவில் நெளிந்து நெளிந்து ஒரு கோடு போனால், அது உடும்பு வாலை இழுத்துச் சென்ற வழி.

மற்றவருக்கு வெறும் சேறாகத் தெரியும் அந்தப் பத்தடி இடத்தில், பழகியவர் ஓர் இரவு முழுவதும் நடந்ததைப் பார்த்துவிடுகிறார். அப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு எந்தக் கரையும் வெற்றுக் கரையாக இருப்பதில்லை. வெளி அவரை அழைத்துக்கொண்டே இருக்கிறது என்றால் அதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இது இரத்தத்தில் ஊறிய குணம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்றும், உழவு தோன்றிச் சுமார் 10,000 முதல் 12,000 ஆண்டுகளே ஆகின்றன என்றும் அறிவியல் சொல்கிறது. அதாவது, மனித வாழ்வின் மிகப் பெரும்பகுதி வேட்டையிலும் கிழங்கு, கனி, தேன் சேகரிப்பதிலும் கழிந்தது. தடத்தைக் கண்டு, காணாத விலங்கை மனத்தில் உருவாக்கி, அது அடுத்து எங்கே போகும் என்று ஊகித்து, அந்த ஊகத்தை அடுத்த தடத்தில் சரிபார்க்கும் திறன் அந்த நெடுங்காலத்தில்தான் கூர்மை பெற்றது. ஆப்பிரிக்காவின் காலகாரிப் பாலையில் சான் மக்களோடு நடந்து தடம் பார்க்கும் கலையை ஆராய்ந்த லூயி லீபன்பெர்க், அறிவியல் சிந்தனையின் வேரே அங்குதான் இருக்கிறது என்று வாதிட்டார். அது எனக்கு ஏற்புடைய கருத்து.

மூளையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வுகளில், பழகிய பிறகு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் சாறு நாவில் படும்போது கிளர்வதைவிட, சாறு வரப்போகிறது என்ற அறிகுறி தோன்றும்போதே கிளர்வதைக் கண்டார். கிடைத்த பொருளைக் காட்டிலும் கிடைக்கப்போகிறது என்ற குறிப்புக்கு மூளை கூடுதலாக எழுகிறது. புதர் அசைந்த நொடியை வேட்டைக்காரர் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் சொல்வதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

மற்றப் பாதி உண்மையில்லை. ஆற்றல் எல்லோருக்கும் பொது. கலை கற்றுத்தான் வர வேண்டும். நல்ல வேட்டைக்காரரின் மகன் நகரத்தில் வளர்ந்தால் அவனுக்கு முயல் தடமும் பூனைத் தடமும் ஒன்றாகவே தெரியும். ஆகவே இன்ன சாதிக்கு வேட்டை இரத்தத்திலேயே இருக்கிறது என்ற பேச்சை நான் எங்கே கேட்டாலும் மறுக்கிறேன். பிறப்பை வைத்து மக்களின் குணத்தைத் தீர்மானித்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த மதுரைச் சீமையில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை அறிந்தவர்கள் அந்தப் பேச்சைப் பேசக் கூடாது.

வெளியில் இருந்தாலே மனம் தெளிகிறது. அதற்கு வேட்டை எதற்கு?

தேவையில்லைதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் இணையர் 1980-களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வேலையில் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகக் கூடியது. இலை அசைவும் நீரின் ஓட்டமும் பறவையின் அழைப்பும் நம் கவனத்தை வலியில்லாமல் தாமே ஈர்த்துக்கொள்வதால், களைத்த கவனம் அந்த நேரத்தில் ஓய்வு பெற்று மீள்கிறது என்பது அவர்கள் கருத்து. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வொன்றில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் சன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியது தெரியவந்தது.

ஆனால் வேட்டைக்காரருக்குக் கிடைப்பது இந்த ஓய்வு மட்டுமன்று. அவர் வெளியில் ஓய்வாக இருப்பதில்லை, கூர்ந்து இருக்கிறார். களைப்பு நீங்குவதும் கூர்மை கூடுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால், பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வா என்று அவரிடம் சொன்னால் அது அவருக்கு நிறைவு தருவதில்லை.

எல்லா வேட்டைக்காரர்களும் ஒரே காரணத்துக்காகவா போகிறார்கள்?

இல்லை. வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட அமெரிக்காவில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கெல்லர்ட் 1970-களில் வேட்டைக்காரர்களை, கறிக்காகப் போகிறவர்கள், திறமையைக் காட்டப் போகிறவர்கள், இயற்கையோடு இருக்கப் போகிறவர்கள் என்று மூன்றாகப் பிரித்தார். விஸ்கான்சினில் ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்ட்டன் ஆகிய இருவரும் ஒரே மனிதர் வயது ஏற ஏற எப்படி மாறுகிறார் என்று பார்த்தார்கள். முதலில் சுட வேண்டும் என்ற துடிப்பு, பிறகு எண்ணிக்கை, பிறகு பெரிய கொம்புள்ள ஒன்றே வேண்டும் என்ற தேர்வு, பிறகு எந்தக் கருவியால், எந்த முறையில் என்ற நுணுக்கம், கடைசியில், விலங்கு விழுந்தாலும் விழாவிட்டாலும் காட்டில் இருந்தாலே போதும் என்ற நிறைவு.

அமெரிக்க ஆய்வை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது சரியன்று. ஆயினும் அந்தக் கடைசிப் படியை நம் ஊர் முதியவர்களிடமும் நான் காண்கிறேன். சட்டத்துக்கு அஞ்சி நிறுத்தியவர்களும் உண்டு. ஆசை அடங்கித் தாமாகவே நிறுத்தியவர்களும் உண்டு. இரு சாராருமே விடியற்காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்குப் போவதை மட்டும் நிறுத்துவதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்து சேரும் அந்தப் படியிலேயே ஒரு பிள்ளை முதல் நாளே ஏறி நிற்க முடியாதா என்பதுதான் என் ஆசை.

கூட்டமாகப் போவதிலும் ஓர் இன்பம் இருக்கிறதல்லவா?

நிச்சயமாக இருக்கிறது, பலருக்கு அதுவே முதல் காரணம். ஊரிலுள்ள ஆண்கள் வயது வேறுபாடு இல்லாமல் ஒன்றாக நடந்த நாள் அது. புதரைக் கலைப்பவர், வலையைப் பிடிப்பவர், நாயை விடுபவர் என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. பங்கு பிரிக்கும்போது நாய் வைத்திருப்பவருக்குத் தனிப் பங்கு உண்டு. வேட்டைக்கு வர முடியாத கிழவருக்கும் ஒரு கை கறி போய்ச் சேரும். பெரியப்பா முன்னே நடக்க மகன் அவர் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் பின்னே நடந்தது போன்ற ஒரு பள்ளிக்கூடம் இப்போது இல்லை.

நாய்களைப் பற்றி ஒரு சொல் சேர்க்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் என்று நம் தென்மாவட்டங்கள் வளர்த்தெடுத்த நாயினங்கள் இந்த வெளியில் ஓடி ஓடியே உருப்பெற்றவை. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்துபவை. ஆகவேதான் நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் அவற்றுக்கு. 2005-இல் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. இந்த நாய்களை வளர்ப்பதற்குத் தடையில்லை. முயல் மேல் ஏவினால்தான் குற்றம். திறந்த வெளியில் நெடுந்தூரம் ஓடவிட்டு வளர்க்க இயலாதவர்கள் பெருமைக்காக அவற்றை வாங்கிச் சங்கிலியில் கட்டிப்போட வேண்டாம்.

நம் மரபு வேட்டையை எப்படிப் பார்த்தது?

வெறுக்கவும் இல்லை, அப்படியே தூக்கிப் பிடிக்கவும் இல்லை. குறிஞ்சி நிலத்தின் தொழில்களில் வேட்டையும் ஒன்று. அந்நிலத்தின் தெய்வம் முருகன். வேடர் குலத்தில் வளர்ந்த வள்ளியை அவன் வேடனாக வந்துதான் மணந்தான். அறுபடை வீடுகளில் திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை என்ற இரண்டு மதுரைக்கு அருகிலேயே இருக்கின்றன. வேடரான கண்ணப்பர் அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவராக வைத்து வணங்கப்படுகிறார். பிற அடியார்கள் பூவும் நீரும் படைக்க, அவர் படைத்தது தாம் வேட்டையாடிச் சுவைபார்த்துத் தேர்ந்த இறைச்சி. இந்தப் பக்கத்து வளரியும், அதை எறிந்து ஓடும் மானை வீழ்த்திய திறமும் இன்றும் பெருமையோடு பேசப்படுகின்றன.

அதே மதுரையில்தான் சொக்கநாதரின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் ஒன்றாக வேறொரு கதையும் சொல்லப்படுகிறது. பாண்டியன் வேட்டையில் பன்றிகள் மாண்டுபோக, பாலுக்குத் தவித்த பன்னிரண்டு குட்டிகளுக்கு இறைவனே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தான் என்பது அந்தக் கதை. வேடனை அடியாராக ஏற்ற மரபே, வேட்டையில் தாயை இழந்த குட்டியின் பசியையும் மறக்கவில்லை. நம் முன்னோர் வேட்டையாடினார்கள் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

மதுரைப் பக்கத்தில் இன்று எதையாவது வேட்டையாட அனுமதி உண்டா?

பொழுதுபோக்குக்கோ கறிக்கோ அனுமதி இல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அட்டவணைகளில் உள்ள காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. முயல், மான், உடும்பு, மயில், எறும்புத்தின்னி, கவுதாரி என்று எதுவும் விலக்கன்று. உடும்பு, மயில், எறும்புத்தின்னி ஆகியவை மிகக் கடுமையான தண்டனைக்குரிய முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிக்கவில்லை. பிடிப்பது, துரத்துவது, கண்ணியும் பொறியும் வைப்பது, இரை வைத்து இழுப்பது, காயப்படுத்துவது, பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அதில் அடங்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவில் முயல் தேடிப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தாலும் குற்றம் குற்றமே.

சிவராத்திரிக்கு முயல் வேட்டைக்குப் போவது எங்கள் ஊர் வழக்கம். வழக்கத்தைக் கைவிடச் சொல்கிறீர்களா?

உயிரைக் கொல்லும் பகுதியைக் கைவிடத்தான் வேண்டும். மதுரை, திண்டுக்கல், சிவகங்கைச் சீமைகளில் பொங்கலையும் மாசிச் சிவராத்திரியையும் ஒட்டிக் கூட்டமாக முயல் வேட்டைக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. இப்போது அந்த நாட்களில் வனத்துறையினர் காவலுக்கு நிற்கிறார்கள். வழக்கம் தோன்றிய காலத்தில் ஊரைச் சுற்றிப் புதர்க்காடும் மேய்ச்சல் தரையும் பரந்து கிடந்தன. இன்று கல்குவாரியும் மனைப்பிரிவும் நாற்கரச் சாலையும் போக எஞ்சியிருக்கும் துண்டு நிலத்தில் ஊர் முழுவதும் நாய்களோடு இறங்கினால், ஒரே நாளில் அங்கே ஒரு முயலும் மிஞ்சாது.

அந்த நாளின் மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். கூட்டமாக நடப்பது, தடம் பார்ப்பது, பெரியவர்கள் இடங்களின் பெயரைச் சொல்லிக் கொடுப்பது, திரும்பி வந்து பொதுவில் சமைத்து உண்பது ஆகியவற்றைச் சட்டம் தடுக்கவில்லை. வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் போவதற்கு மட்டும் முன்னரே அனுமதி பெற வேண்டும்.

தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றியையும் கொல்லக் கூடாதா?

உழவரின் இழப்பு மெய்யானது. அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் எந்தப் பன்றியை, எங்கே, யார் அகற்றுவது என்பதை அரசும் வனத்துறையும்தான் முடிவு செய்ய வேண்டும். மின்வேலியும் வெடிக்காயும் பன்றியை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை. மேயப்போன மாடும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் அவற்றில் மாண்டிருக்கிறார்கள். சேதம் நேர்ந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து இழப்பீடு கோருங்கள்.

வேட்டைக்காரர்கள்தான் முதலில் காட்டைக் காத்தார்கள் என்று சொல்லப்படுவது உண்மையா?

சிலரைப் பொறுத்தவரை உண்மை. ஜிம் கார்பெட் துப்பாக்கியோடு காட்டை அறிந்து, பின்னாளில் கேமராவோடு புலியைத் தேடிப்போய், காட்டைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். இந்தியப் பறவையியலின் தந்தை எனப்படும் சாலிம் அலி, சிறுவயதில் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையையே திருப்பியது.

அமெரிக்காவில் 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செல்கிறது. அதைக் காட்டி இங்கும் வேட்டையைத் திறந்துவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். அங்குள்ள நிலப்பரப்பும் மக்கள் நெருக்கமும் வேறு. இங்குள்ள நிலை வேறு. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் எஞ்சியிருக்கும் சிறு சிறு விலங்குக் கூட்டங்கள் ஒரு வேட்டைப் பருவத்தைக்கூடத் தாங்க மாட்டா. ஜமீன்தார்களும் வெள்ளைக்காரத் துரைமார்களும் காத்ததைவிடக் கொன்றதே மிகுதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொல்லாமல் அந்த ஈர்ப்பு நிறைவேறுமா? கேமரா அதற்கு ஈடாகுமா?

கேமரா ஓரளவுக்குத்தான் ஈடாகும். வண்டியில் போய் இறங்கி, யாரோ காட்டிய பறவையை நீண்ட லென்சில் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு வேட்டைக்காரருக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. தேடல் அவருடையதாக இருக்க வேண்டும். தவறிப்போகும் வாய்ப்பும் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது ஊருக்குச் சொல்ல ஏதாவது கையில் இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் நிறைவேறும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே உள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில், ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் புகுந்து வயனாப் பட்டை என்ற காட்டு இலவங்கப்பட்டையை உரித்தவர்களையே 1990-களின் பிற்பகுதியில் குழுவாகச் சேர்த்து, ரோந்துக்கும் பயணிகளுக்கு வழிகாட்டவும் அமர்த்தினார்கள். திருட்டுவழி தெரிந்தவருக்குத்தான் திருடர் வரும் வழியும் தெரியும். செங்கல்பட்டுப் பக்கத்தில் இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். சட்டம் அதை நிறுத்திய பிறகு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே திறனால் பாம்பைப் பிடித்து நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி அந்த நஞ்சிலிருந்து உருவாகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் மலைப்பாம்பைத் தேடிப் பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தடம் பார்க்கும் கண்ணுக்கு உலகம் இன்னும் மதிப்பளிக்கிறது.

நம் ஊரிலேயே சட்டத்துக்கு உட்பட்ட பெருவேட்டை ஒன்று நடக்கிறது. மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கங்களில் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் காலத்தில் வரும் மீன்பிடித் திருவிழாதான் அது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் நீரில் இறங்கக் கூடாது. துண்டு அசைந்ததும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் அனைவரும் அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவும், கச்சா என்ற மீன்பிடி கருவியும், வலையும் கூடையுமாக ஒரே பாய்ச்சலில் இறங்குவார்கள். கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது. ஊத்தாவை அழுத்திய கைக்கு உள்ளே ஏதோ முட்டுவது தெரியும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவும்போது அது கெளுத்தியின் முள்ளா விராலின் வழுவழுப்பா என்று விரல்தான் சொல்ல வேண்டும். கிடைத்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைப்பதே வழக்கம். வேட்டையின் இன்பம் எதுவென்று அறிய விரும்புகிறவர் ஒருமுறை அந்தச் சேற்றில் இறங்கிப் பார்க்கட்டும்.

என் மகன் உண்டிவில்லை எடுத்துக்கொண்டு குருவிகளின் பின்னால் திரிகிறான். என்ன செய்வது?

உண்டிவில்லை வாங்கி வையுங்கள், திரிவதைத் தடுக்காதீர்கள். வெளியே போகாதே என்று கதவைச் சாத்தினால் அவன் கையில் அலைபேசி ஏறும், வேறொன்றும் நடக்காது. அவனிடம் இருப்பது அரிய விருப்பம். அதற்கு வேலை கொடுங்கள். இந்தக் கண்மாயில் எத்தனை வகைத் தடம் இருக்கிறது என்று வரைந்து வா, கீரி எந்த வளைக்குள் போகிறது என்று இரண்டு வாரம் பார்த்துச் சொல், கவுதாரி காலையில் முதலில் எந்த மூலையிலிருந்து கூப்பிடுகிறது என்று கண்டுபிடி என்று சொல்லுங்கள். சற்றுக் கடினமான வேலையாகவே கொடுங்கள். எளிதில் முடிந்துவிட்டால் அவனுக்கு அலுத்துவிடும்.

விடுமுறை நாளில் அரிட்டாபட்டிக்கு அழைத்துப் போகலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஏறத்தாழ 250 பறவை இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்னும் மூன்று வேட்டைப் பறவைகளும் அவற்றில் அடக்கம். வல்லூறு இரையின் மேல் பாய்வதை ஒருமுறை பார்த்துவிட்டால் தன் உண்டிவில் எம்மாத்திரம் என்று அவனுக்கே தோன்றிவிடும். அவை பாறை விளிம்புகளில் கூடு வைக்கும் காலத்தில் பாறையேற வேண்டாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமும் தொலைவில்லை. அங்கே வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பேச விடுங்கள்.

வேட்டையை விட்டுவிட்ட முதியவர்களிடம் என்ன கேட்பது? பழையதைக் கிளறினால் அவர்களுக்குச் சிக்கல் வருமா?

எத்தனை கொன்றீர்கள் என்று கேட்காதீர்கள். அது பெருமையடிப்பதில் முடியும், அல்லது வாயை அடைத்துவிடும். எங்கே எதைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நரி எந்த ஆண்டுவரை ஊளையிட்டது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாமல் இருந்தது, தேவாங்கு எந்தப் புதர்க்காட்டில் தென்பட்டது, எந்த மழைக்குப் பிறகு காடை வந்து இறங்கும் என்பவை அவர்களோடு போய்விடக் கூடிய செய்திகள். முடிந்தால் உடன் நடந்து போய், அவர்கள் சொல்லும் இடத்தில் நின்று, அவர்கள் வழங்கும் பெயர்களையே அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஓடை, பாறை, மேடு, பள்ளம் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருக்கும். வருவாய்த்துறை வரைபடத்தில் அவற்றில் பாதிகூட இராது. ஆளின் பெயரையும் வேட்டை விவரத்தையும் எழுத வேண்டாம். எறும்புத்தின்னி, தேவாங்கு போன்றவை இப்போதும் இருக்கும் இடத்தை அவர்கள் காட்டினால் அதை யாருக்கும் பகிராமல், அலைபேசியில் படமெடுத்துப் போடாமல், வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள். கேட்பதைத் தள்ளிப்போடாமல் இந்தக் கோடையிலேயே தொடங்குங்கள். 1972-க்கு முன் வேட்டைக்குப் போனவர்களில் இளையவர்களுக்கே இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது.